பேச்சு கொடுக்கிற அம்மா

அந்த அறையில் ஹெச்.ஆர். ஆபீசர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. எதிரில், கம்பெனிக்கு பஸ் வாடகைக்கு விடும் எங்கள் டிராவல்ஸின் சூப்பர்வைசர். சுவர் ஓரமாக, கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் ஹவுஸ்கீப்பிங் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா. கதவுக்குப் பக்கத்தில் நான். நான் டிரைவர். எனக்கு நாற்காலி போடவில்லை. போட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இதில் அந்த நீலச் சேலை அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது என்பது அன்றைக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. அதற்கு முன் அவர் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை.

ஒரகடத்தில் அது ஒரு பெரிய கம்பெனி. காருக்கான ஒயர்களைக் கட்டுகிற வேலை. லைனில் முழுக்கப் பெண்கள். பக்கத்து ஊர்களில் ஆள் கிடைக்காமல் போன பிறகு கடலோரக் குப்பங்களுக்கும் பஸ் விட்டார்கள். எனக்கு விழுந்தது கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். அதனால் சாயங்காலமே பஸ்ஸோடு அங்கே போய்த் தங்க வேண்டும். என் வீடு வடக்குப்பட்டு. கம்பெனியிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த வீட்டுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவேன்.

கடலோர ஊரில் தங்குகிறேன் என்றால் கேட்பவர்கள் கொடுத்துவைத்தவன் என்பார்கள். எனக்கு அந்த ஊர் உப்பு. காலையில் முன்கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் இழுபடும். ஆறு மாதத்தில் பம்பர் துருப்பிடித்துவிட்டது. மணலில் பஸ் இறங்கினால் ஏறாது. சிமெண்ட் ரோடு முடிகிற இடத்தில், கோயிலுக்கு எதிரே நிறுத்துவேன். அங்கேதான் வலை காயப்போடுவார்கள். ஹாரன் அடித்தால் கோபம் வரும். இறங்கி நிற்க வேண்டும். யாராவது வந்து வலையைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அவசரப்பட மாட்டார்கள். குளிக்க அடிபம்பு. தண்ணீர் கரிக்கும், சோப்பு நுரைக்காது. சாப்பாடு ஒரு இட்லிக் கடையில். பஸ்ஸின் கடைசி சீட்டில் படுக்கை. அலைச் சத்தம் எனக்கு லாரி போகிற சத்தம் மாதிரிதான். கருவாட்டு வாடை பஸ்ஸை விட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வாள் என் மனைவி.

காலையில் பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. மணிமங்கலம், படப்பை பக்கத்து ஆபீஸ்காரர்களை ஏற்றிவர இன்னொரு நடை. பிறகு வண்டி கழுவுவது, டீசல் பிடிப்பது. மத்தியானம் ஷிப்டு விட்டதும் மறுபடி குப்பம். அந்த மத்தியான நடைதான் ஆளைக் கொல்லும். வெயில். வயிற்றில் கேண்டீன் சோறு. பின்னால் எல்லாப் பெண்களும் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவார்கள். பஸ் முழுக்கத் தூங்கும்போது ஒருத்தன் மட்டும் முழித்திருப்பது சுலபம் இல்லை. தூக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அம்மா மட்டும் தூங்க மாட்டார். என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்காருவார். கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. விரல்கள் பினாயில் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருக்கும். ஒல்லி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஐடி கார்டைக் கழுத்தில் போடாமல் மணிக்கட்டில் சுற்றி வைத்திருப்பார். வந்த முதல் நாள் காலையிலேயே, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"டைவரண்ணா, உன் வூட்டு வாசப்படி எந்தப் பக்கம் பாத்துக்கினு கீது?"

"கெழக்கு."

"கெழக்கால இன்னா தெரியும்?"

"காம்பவுண்டு செவுரு."

"யாரு செவுரு?"

"கம்பெனி செவுரு."

"செவுத்துக்கு முன்னாடி இன்னா இருந்துச்சு?"

நான் கியரை மாற்றினேன். அவர் விடவில்லை.

"கேக்குறன் இல்ல?"

"நெலம்."

"யாரு நெலம்?"

"எங்குளுதுதான்."

செங்கல்பட்டு வருவதற்குள் நிலம் போன கதை, கம்பெனியில் வேலை தருகிறோம் என்றவர்கள் படிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிய கதை, நான் லைசென்ஸ் எடுத்த கதை எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எனக்கே ஆச்சரியம். நான் பேசுகிற ஆள் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பையன் ஊமையா என்று கேட்டார்கள்.

அவரிடம் 'ம்' கொட்டித் தப்பிக்க முடியாது. "ம் எல்லாம் ஒத்துக்க மாட்டேன். வார்த்தையா சொல்லு" என்பார். 'தெரியல' என்றாலும் விட மாட்டார். "உன் கல்யாணத்துல இன்னா காய் போட்டாங்கன்னு உனுக்குத் தெரியாதா? நீ எங்க போயிருந்த?" என்பார். முன்சீட்டில் முழித்துக்கொண்ட பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் கேள்வி அக்கா. மாலை இறங்கும்போது ஒருத்தி கேட்பாள்.

"இன்னாண்ணா, இன்னிக்குப் பரிச்ச பாஸா பெயிலா?"

"போடி, ஒன்னியும் ஒரு நாள் முன்னாடி உக்கார வெச்சிக் கேக்கறேன்" என்பார் அந்த அம்மா.

என் தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. வீட்டைப் பிரித்துக்கொண்டபோது வந்த வாய்ச்சண்டை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இதை ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்கு அது போதும். திங்கட்கிழமை ஆனால் போதும், முதல் கேள்வி அதுதான்.

"தம்பிகிட்ட பேசினியாண்ணா?"

"இல்ல."

"ஏன் பேசல?"

"அவன் பேசல."

"அவன் ஏன் பேசல?"

"நான் பேசல."

"அப்ப யாரு பேசணும்?"

வாரா வாரம் இது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அலுத்துப்போய், சுவருக்கு அந்தப் பக்கம் போய், "சாப்ட்டியா?" என்று கேட்டேன். தம்பி பயந்துவிட்டான். அப்பா செத்ததற்குக்கூட நான் அவன் வாசலை மிதிக்கவில்லை. "யாருக்காச்சும் உடம்பு சரியில்லியா?" என்றான். இல்லை என்றேன். உட்காரச் சொன்னான். திங்கட்கிழமை அதைச் சொன்னபோது அந்த அம்மா பெரிதாக ஒன்றும் சந்தோஷப்படவில்லை. "சரி, அவன் பொண்டாட்டி எந்த ஊரு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

என்மேல் அக்கறை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள், "உனுக்கு எத்தினி புள்ளைங்கண்ணா?" என்றார். அதை ஏற்கெனவே கேட்டிருந்தார். பெரியவளின் படிப்பு, சின்னவனின் ஆஸ்துமா, எல்லாம் சொல்லியிருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. மறுபடியும் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். நான் சொல்லும்போது அவர் என் வாயைப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கிறார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. கோபமும் வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் அப்போது மேம்பாலம் இல்லை. கேட் போட்டால் நின்றே ஆக வேண்டும். அப்படி நின்றபோது கேட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்கும்மா என்னப் போட்டு இப்பிடி நோண்டுற? சொன்னதையும் காதுல வாங்கறது இல்ல. உனுக்கு இன்னாதான் வேணும்?"

அவர் கோபப்படவில்லை.

"எங்கூர்ல கடலுக்குப் போட்டு போவும் இல்லண்ணா, அதுல இஞ்சின் புடிக்கிறவன் ஒருத்தன். மத்தவன்லாம் படுத்துக்குவான். ஆனா ஒருத்தன் மட்டும் படுக்கக் கூடாது. அவன் பேச்சு குடுக்கணும். அதுக்குன்னே ஒரு ஆளு."

"பேச்சு குடுன்னா நீ பேசு. என்னை ஏன் பேசவெக்கிற?"

"கத கேக்கறவன் தூங்கிடுவாண்ணா. பதில் சொல்றவன் தூங்க மாட்டான்."

கேட் திறக்கவில்லை. அவரே மேலே சொன்னார்.

"இஞ்சின்காரன் தூங்கி போட்டு எதுலயாவது மோதிச்சின்னா, ஊர்க்கூட்டத்துல ரெண்டு பேரையும் நிக்க வெப்பாங்க. தண்டம் தூங்கினவனுக்குப் பாதி. தூங்க வுட்டவனுக்குப் பாதி. எங்கூட்டுக்காரரு ரெண்டு தபா நின்னுகிறாரு."

"தூங்கினதுக்கா?"

"தூங்க வுட்டதுக்கு. அவருக்குப் பேச வராது, உன்ன மாதிரி."

கேட் திறந்தது. வண்டியை எடுத்தேன். அதன் பிறகு அவர் என்ன கேட்டாலும் பதில் சொன்னேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒரு நாள் ரெண்டு என்பேன், ஒரு நாள் அஞ்சு என்பேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தமும் அவ்வளவுதான். வீட்டுக்காரர் போட்டுக்குப் போகிறவர், பேச வராதவர். அந்த ஊரில் சாயங்காலம் நான் கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தால் அந்த வழியாகத்தான் அவர் கடைக்குப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையைக்கூட ஆட்ட மாட்டார். பஸ் நின்றுவிட்டால் அவர் வேலை முடிந்தது.

பிறகு கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். அதற்காக ஹவுஸ்கீப்பிங் ஆட்களை ஷிப்டு முடிந்தும் விடவில்லை. ஒரு நாள் காலையில் என் பஸ்ஸில் வந்தவர், மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தார். நடுவில் வீட்டுக்குப் போகவில்லை. ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"டைவரண்ணா, காலைல இன்னா..."

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. அப்படியும் முழிக்கவில்லை. எழுப்ப மனம் வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டேன். தலை இடிக்காமல் இருக்க வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். ஓரத்தில் ஜல்லியைக் குவித்து வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டுத்தான் எனக்கு முழிப்பு வந்தது. பஸ் ஜல்லிமேல் ஏறிச் சாய்ந்து நின்றது. முன்கண்ணாடி உடைந்து கொட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் முன்கம்பியில் மோதி மணிக்கட்டு உடைந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அந்த அம்மாவின் மடி முழுக்கக் கண்ணாடித் தூள். அவர் அதைத் தட்டவில்லை. என்னைப் பார்த்து, "நான் தூங்கிட்டனா?" என்றார்.

டிராவல்ஸ் சூப்பர்வைசர் பைக்கில் வந்தான். சுற்றிப் பார்த்தான். என்னைத் தனியாகக் கூட்டிப்போனான்.

"ஜல்லி ரோட்டு மேலயே கெடந்துச்சு. போர்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத, உன் வேல நிக்கும். உனுக்கு அது கஷ்டம் இல்லையே?"

கஷ்டம் இல்லைதான். ஆபீஸ் அறையில் அவனே எல்லாம் பேசினான். ஹெச்.ஆர். ஆபீசர் மதுரைப் பக்கத்துக்காரர். எழுதிக்கொண்டே வந்தார். கட்டுப் போட்ட பெண்ணைக் கேட்டார். "நான் தூங்கிக்கினு இருந்தேன் சார்" என்றாள். பிறகு அந்த அம்மாவைக் கேட்டார்.

"நீங்கதானம்மா முன்னாடி உக்காந்திருந்தீங்க? டிரைவர் பேர் என்ன?"

"தெரியாது சார். டைவரண்ணா."

"சரி. ஜல்லி ரோட்டு மேல கெடந்துச்சா?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் தூங்கிட்டேன். அதனாலதான் அண்ணனும் தூங்கிட்டாரு."

சூப்பர்வைசர் எழுந்துவிட்டான். "யம்மா, நீ செத்த சும்மா இரும்மா."

"இருங்க" என்றார் ஆபீசர். "டிரைவர் தூங்குனாரா?"

அந்த அம்மா அவரை விநோதமாகப் பார்த்தார்.

"தூங்காம எப்பிடி சார் ஜல்லி மேல ஏறும்? ரெண்டு பேர் மேலயும் தப்பு. பாதி என்னுது. இன்னா செய்யணுமோ சொல்லுங்க, பாதி நான் எடுத்துக்கறேன்."

ஆபீசர் பேனாவை மூடினார்.

"பஸ்ல வர்றவங்களுக்கு என்னம்மா பொறுப்பு? உங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. நீங்க போகலாம்."

"எப்பிடி சார் ஒண்ணும் கிடையாது? நான்தான முன்னாடி..."

"போங்கம்மா."

அவர் எழுந்தார். கதவுக்குப் பக்கத்தில் என்னிடம் வந்து நின்றார். அறையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்தது போல இருந்தது.

"நான் இன்னாவாச்சும் தப்பா சொல்லிட்டனாண்ணா?"

"இல்லம்மா" என்றேன். உண்மையில் அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்கள். குப்பத்துக்கு வேறு டிரைவர் போனான். எனக்குக் கொஞ்ச நாள் வேலை இல்லை. பிறகு ஒரகடத்தில் ஒரு ஹோட்டலுக்குக் காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டி கிடைத்தது. தூரம் கம்மி. தினமும் வீட்டில் தூக்கம்.

ஒரு நாள் ஒரகடம் கூட்ரோட்டில் என் பழைய பஸ் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பரீட்சை பாஸா பெயிலா என்று கேட்கிறவள். அவள்தான் சொன்னாள். கை உடைந்தவளின் தாய்க்கு ஏற்கெனவே கால் சரியில்லை. குடிக்கிற தண்ணீர் மெயின் ரோட்டுக் குழாயில்தான் வரும். மணலில் நடந்து தூக்கிவர வேண்டும். வீட்டில் அந்தப் பெண்தான் தூக்கிக்கொண்டிருந்தவள். அந்தத் தாய் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டிருக்கிறாள். கை கூடுகிற வரைக்கும் தண்ணீர் தூக்கிக் கொடுக்கணும், தூங்கினவர் பாதி, தூங்க விட்டவர் பாதி என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"எனக்கு யாரும் சொல்லலியே?"

"அக்காதான் வாணாம்னுச்சு. அவருக்கு வேலையே பூட்ச்சு, இதையும் போயி சொல்லாதீங்கன்னுச்சு. ஷிப்டு முட்ச்சி வந்து உன் பாதியும் சேத்து அதுவே தூக்குதுண்ணா."

"பஸ்ஸுல?"

"அதே சீட்டுதான். புது டைவரு ரொம்பப் பேசறாரு. அக்கா கேள்வியே கேக்க வாணாம். கம்முனு ரோட்டப் பாத்துக்கினு வருது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வீட்டில் கேட்டதற்கு ஒரு வேலை என்றேன். செங்கல்பட்டு போய், அங்கிருந்து கல்பாக்கம் பஸ். நான் ஓட்டிய ரோட்டில் சீட்டில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. நன்றாகத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார். மிச்ச தூரம் ஷேர் ஆட்டோ.

கோயிலுக்கு எதிரே வலை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாகச் சுற்றிப் போனேன். சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா டைவரு, பஸ்ஸ எங்க வுட்ட?"

"பஸ் இல்ல. தண்ணி தூக்க வந்தேன்."

ஆட்டம் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ வெளியூரு. உன்ன யாரும் கேக்க மாட்டாங்க. டீ சாப்ட்டுட்டுப் போ."

டீ வேண்டாம் என்றேன். மெயின் ரோட்டுக் குழாயடிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த அம்மா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று. என்னைப் பார்த்ததும் நின்றார். நீலச் சேலை இல்லாமல் வேறு ஆள் மாதிரி இருந்தார். இன்னும் மெலிந்திருந்தார்.

"உனுக்கு யார் சொன்னது?"

நான் குடத்துக்குக் கை நீட்டினேன்.

"இன்னாத்துக்குண்ணா இவ்ளோ தூரம்? நான்தான் தூக்கறனே. அந்த ரூம்ல நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா உன் வேல..."

"கொடத்தக் குடும்மா."

"ஆம்பள தூக்கினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

சிரித்தார்கள். "அண்ணா, இடுப்புல வெச்சிக் காட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். எனக்கு இடுப்பில் நிற்கவில்லை. தோளில் வைத்தேன். மணலில் கால் புதைந்தது. முதல் குடத்தில் பாதி என் சட்டையில்தான் ஊற்றியது. அந்தப் பாதிக் குடத்தை அந்த அம்மா கணக்கில் சேர்க்கவில்லை. ஊரில் கேட்டால் சொல்ல வேண்டும் என்று, கை உடைந்தவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். நடுவில் எழுந்து தானும் ஒன்று எடுக்க வந்தார். கொடுக்கவில்லை. இத்தனை நாள் என் பாதியையும் தூக்கியவர். திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். டிரம் நிறைந்தது. அண்டா, குண்டான், சோறு வடிக்கிற பாத்திரம், எல்லாம் நிறைந்தது. அந்தப் பெண்ணின் தாய், "போதும்ப்பா, வெக்க எடமில்ல" என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு டிரம் கடன் வாங்கி வைக்கச் சொன்னேன். அதுவும் நிறைந்த பிறகுதான் நிறுத்தினேன்.

பதினாலு குடம்.